மாரியில் வெறுமையான மூன்று தேன்பெட்டிகள்: ஒட்டுசுட்டான் வளவொன்றில் நடந்தது

2022 டிசெம்பர் இரண்டாம் கிழமை, மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நகர்ந்துகொண்டிருந்தபோது வீசிய குளிர்காற்றில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் விறைத்துச் செத்தன. அதற்கடுத்த புதன்கிழமை, 14ஆம் திகதி, ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடைப்பட்ட ஒரு வளவில் ஐந்து தேன்பெட்டிகளில் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. தைப்பொங்கலுக்குள் இன்னும் இரண்டு போய்விட்டன.

"மாடே செத்துப்போச்சு தம்பி, இந்தச் சின்னப் பூச்சி எப்பிடித் தாங்கும்?" என்று கேட்டார் வளவுக்கார அக்கா. அயலில் பெட்டி வைத்திருந்த மற்றவர்களும் குளிரைத்தான் சொன்னார்கள். அந்த விளக்கத்தோடு விட்டால் அடுத்த மாரியிலும் இதே இழப்பு வரும் என்பதால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். மூன்று பெட்டிகளில் ஒன்றைக்கூடக் குளிர் கொல்லவில்லை. மூன்றும் மூன்று விதமாகப் போயின. ஆனால் மூன்றுக்கும் தொடக்கம் செப்ரெம்பரிலும் ஒக்டோபரிலும் இருந்தது. வெறும் பெட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

வளவும் பெட்டிகளும்

அரை ஏக்கர் வளவு. தென்னை, முருங்கை, இரண்டு கறுத்தக்கொழும்பான் மா, ஒரு பாகல் பந்தல், வேலிக்குச் சீமைக்கிளுவை. பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால், அதற்கப்பால் வயல், வயல் முடிகிற இடத்தில் பாலையும் வீரையும் நிற்கிற காடு. பெட்டிகளில் இருந்தது நாங்கள் எல்லோரும் வளர்க்கிற அடுக்குத் தேனீ. மரப்பொந்திலும் புற்றிலும் இருந்து பிடித்துப் பெட்டியில் பழக்கியவை. நான்கு பெட்டிகள் மாமரத்தின் கீழ் வரிசையாக, வாசல் வடகிழக்குப் பார்க்க இருந்தன. ஐந்தாவது குசினித் தாழ்வாரத்தோடு தனியாக, வாசல் தென்கிழக்குப் பார்க்க.

வன்னியின் பூக்காலத்தை நினைவில் வைத்தால்தான் மீதிக் கதை புரியும். தை பிறந்ததும் மா, பனம்பாளை, பிறகு வேம்பு என்று கோடை முகப்பு வரை வரவு நன்றாக இருக்கும். ஆனிக்குப் பிறகு சோழகம் அடித்து மண் காய்ந்தால் வரட்சி. அந்த நேரம் தேனீ சேமிப்பில்தான் இருக்கிறது. முதல் மழை விழுந்ததும் தொட்டாற்சிணுங்கி, மூக்குத்திப் பூண்டு போன்றவை பூத்து ஒரு சின்ன வரவு வரும். அதைத் தின்று முடிப்பதற்குள் அடைமழை வந்துவிடும். ஆக, ஒரு பஞ்சம் வெயிலில், அடுத்த பஞ்சம் மழையில். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில கிழமைகள் மட்டும்.

அக்கா ஜூனில் மேல்தட்டுத் தேனை எடுத்தார். அது சரியான நேரம். செப்ரெம்பர் கடைசியில் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்தார்கள். ஊர்த்தேன் கேட்டார்கள். மேல்தட்டில் ஒன்றும் இல்லாததால், குஞ்சு வளர்கிற கீழ்த்தட்டில் வதை கட்டும் மரச்சட்டங்களின் மேல்விளிம்பில் மூடி வைத்திருந்த தேனை நான்கு பெட்டிகளிலும் வெட்டி எடுத்தார். ஐந்தாவது ஓகஸ்ட்டில்தான் குடியேறியது, வதை (தேனடை) சின்னது என்று தொடவில்லை. அக்காவில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விளிம்புத் தேன்தான் கூட்டத்தின் மாரிச் சாப்பாடு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. தேன் எடுக்கப் பழக்குகிறவர்கள் எதை எடுக்கக்கூடாது என்பதையும் பழக்க வேண்டும்.

நவம்பரில், குளிர்நாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, மாமரத்தடிப் பெட்டிகளைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கட்டினார். வாசல் மட்டும் விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. பொலித்தீன் நான்கு பெட்டிக்குத்தான் போதுமாக இருந்தது.

முதற் பெட்டி

14ஆம் திகதி வெறுமையாக இருந்த பெட்டியைத் திறந்தபோது அடிப்பலகையில் ஒரு செத்த தேனீகூட இல்லை. குளிர் கொன்றிருந்தால் கும்பலாக விழுந்து கிடக்க வேண்டும். வதைகள் முழுதாக இருந்தன. பூஞ்சணம் சட்டங்களின் ஓரத்தில் படிந்திருந்தது, பொலித்தீனின் உட்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றது. அறைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். தேன் இல்லை. மகரந்தம் இல்லை. முட்டை இல்லை, குடம்பி இல்லை. மூடிய கூட்டுப்புழு அறைகளும் இல்லை. அவை இருந்த இடத்தில் மூடி கடித்துத் திறந்த விளிம்புகள் மட்டும். கடைசிக் குஞ்சு வரை பொரித்து வெளியே வந்திருந்தது.

இந்த வெறுமைதான் சாட்சி. அடுக்குத் தேனீயில் ஒரு வேலைக்காரித் தேனீ முட்டையில் இருந்து வெளியே வர 19, 20 நாள் எடுக்கும். பஞ்சம் தாங்காமல் பெட்டியை விட்டுப் போகிற கூட்டம் ஒரே நாளில் எழும்பிப் போவதில்லை. முதலில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும். இருக்கிற குஞ்சுகள் பொரிக்கும். மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு, வெயில் எறித்த ஒரு காலையில் எல்லாமாகக் கிளம்பும். 14ஆம் திகதியில் இருந்து பின்னுக்கு எண்ணினால், கடைசி முட்டை நவம்பர் 24ஐ ஒட்டி விழுந்திருக்க வேண்டும். மாடுகள் செத்த குளிர் வந்தது டிசெம்பர் இரண்டாம் கிழமை. குளிருக்கு இரண்டு கிழமை முன்பே அந்தக் கூட்டம் போக முடிவெடுத்துவிட்டது.

இதை அக்காவிடம் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அது சாகேல்லை, போட்டுது" என்றார். ஓம், போய்விட்டது. காட்டோரப் பொந்தொன்றில் உயிரோடு இருந்திருக்கவும் கூடும். வளர்ப்பவருக்கு இரண்டும் ஒரே நட்டம் என்றாலும் காரணம் வேறு, அதனால் வைத்தியமும் வேறு. செத்த கூட்டத்துக்கு நோய் தேட வேண்டும். போன கூட்டத்துக்குப் பசி தேட வேண்டும்.

குளிர் ஏன் காரணமில்லை என்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. இதே தேனீதான் மலைநாட்டிலும் வளர்கிறது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருப்பதே பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில். வன்னியின் மார்கழி இரவுக் குளிர் அந்த இடத்துக் குளிருக்குக் கிட்டவும் வராது. புழுவறைப் பகுதியை 33 முதல் 36 பாகை வரை வைத்திருக்கத் தேனீக்கு வழி தெரியும். பறக்கும் தசைகளை நடுக்கிச் சூடாக்கும். ஆனால் அந்த நடுக்கத்துக்கு எரிபொருள் தேன். தேன் இல்லாத பெட்டியில் குளிர் ஒரு நாளும் தாங்காது, தேன் இருந்தால் தாங்கும்.

மற்ற இரண்டு

இரண்டாம் பெட்டி கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் போனது. அதில் குஞ்சுகளை விட்டுவிட்டே போயிருந்தன. குடம்பிகளைச் சிற்றெறும்பு தூக்கிக்கொண்டிருந்தது. காலடிப் பேணிகளைப் பார்த்தால் போதும். எறும்பு ஏறாதிருக்கப் பெட்டிக் கால்களைப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றிய பேணிகளில் வைத்திருந்தார்கள். கோடையில் அது நல்ல காவல். மாரியில் மழைநீர் பேணியை நிறைக்கும், ஒயில் மேலே மிதந்து வழிந்துபோகும், மிச்ச நீரில் மாவிலை விழுந்து பாலம் போட்டுவிடும். அதே நேரம் நிலம் ஊறிப்போனதால் எறும்புக்கும் ஈரமில்லாத மேடு வேண்டும். எறும்பு மிக அதிகமாக ஏறப் பார்க்கிற காலமும் பேணி மிகக் குறைவாக உதவுகிற காலமும் ஒன்றாகவே வருகின்றன. பலமான கூட்டமாக இருந்தால் வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கும். பசித்த கூட்டம் எழும்பிப் போய்விட்டது.

மூன்றாவதுதான் உண்மையில் செத்தது. அடியில் ஒரு கைப்பிடி தேனீ, சில தலையை அறைக்குள் விட்டபடியே. பட்டினியில் செத்த தேனீயின் அடையாளம் அது. வதைகளில் மெழுகுப் புழு நூல் பின்னி, கறுப்பு மணி மணியாக எச்சம் விட்டிருந்தது. எல்லோரும் அந்தப் புழுவைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் புழு கடைசியில்தான் வந்தது. வேலைக்காரி அறைகளில் ஆண் தேனீ மூடிகள் இருந்தன. அடுக்குத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவே ஊசித்துளை போல ஒரு துளை இருக்கும், அதைத் தவறவிட முடியாது. சில அறைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட காய்ந்த முட்டைகளும் இருந்தன. ராணி இல்லாமல் போய், வேலைக்காரிகள் முட்டையிடத் தொடங்கியிருக்கின்றன. அந்த முட்டைகளில் இருந்து ஆண்தான் வரும், வேலைக்கு ஆள் வராது. செப்ரெம்பரில் விளிம்பை வெட்டியபோது ராணி நசுங்கியதா, பிறகு போனதா என்று இப்போது சொல்ல முடியாது. ஒக்டோபரில் ஒருமுறை சட்டத்தைத் தூக்கிப் பார்த்திருந்தால் அந்தக் கூட்டத்தை இன்னொன்றோடு சேர்த்திருக்கலாம்.

நோய் இருந்ததா என்றும் பார்த்தோம். தாய்லாந்துப் பைப்புழு நோய்தான் அடுக்குத் தேனீக்குப் பெரிய பயம். 1991, 92இல் தென்னிந்தியாவில் அது தேன்பெட்டிகளைத் துடைத்தெடுத்தது. அதில் குடம்பி கூட்டுப்புழுவாக மாற முன்பே செத்து, அறைக்குள் நீண்டு மல்லாந்து, தலை மேலே தூக்கியபடி கிடக்கும். ஊசியால் இழுத்தால் நீர் நிறைந்த பை மாதிரி முழுதாக வரும். மூன்று பெட்டிகளிலும் அப்படி ஒன்றும் இல்லை.

குளிர்நாட்டு வழி இங்கே ஏன் ஒத்துவராது

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாரிகால இழப்பு பெரிய பிரச்சினைதான். 2006 கடைசியில் அமெரிக்காவில் கூட்டங்கள் திடீரென்று மறைந்தபோது உலகமே அதைப் பேசியது. ஆனால் அது வேறு தேனீ, வேறு எதிரி. அங்கே முதல் எதிரி வரோவா உண்ணி. அந்த உண்ணி முதலில் நம் அடுக்குத் தேனீயில்தான் வாழ்ந்தது. நம் தேனீ அதைக் கடித்தும் தட்டியும் எறியப் பழகிவிட்டது. இங்கே அது பெரும்பாலும் ஆண் அறைகளில்தான் பெருகும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் வேலைக்காரி அறைகளிலும் பெருகி, வைரசைப் பரப்பி, பனிக்காலத்தைத் தாண்ட வேண்டிய தேனீக்களைப் பலவீனமாக்குகிறது. ஆகவே அங்கே உண்ணி மருந்தும் மாதக்கணக்கில் பறக்காமல் இருக்கப் போதிய தேனும் முக்கியம். இங்கே உண்ணி மருந்துக்குக் காசு செலவழிப்பதில் பயனில்லை.

போர்த்தும் விடயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஐரோப்பியத் தேனீ மரப்பிசின் சேர்த்து இடுக்குகளை அடைக்கும். நம் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, இடுக்கு இருந்தால் இருந்தபடிதான். அடுத்தது, சிறகால் காற்றுப் போடுகிற விதம். வாசலில் நிற்கிற காற்றுப்போடும் தேனீயைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நம் தேனீ தலையை வெளியே நீட்டி, வாலைப் பெட்டிப் பக்கம் வைத்து நிற்கும், அதாவது வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. ஐரோப்பியத் தேனீ மறுபக்கம் திரும்பி நின்று உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். மார்கழி மழையில் வெளிக்காற்றே நனைந்த துணி போல இருக்கிறது. அதை உள்ளே தள்ளுகிற தேனீயின் பெட்டியைப் பொலித்தீனால் மூடினால் ஈரம் போக இடமே இல்லை. சட்டங்களில் கண்ட பூஞ்சணம் அங்கிருந்துதான் வந்தது.

ஐந்தாம் பெட்டி மாரி முழுக்கக் கலகலவென்று இருந்தது. அதன் தேன் வெட்டப்படவில்லை, பொலித்தீன் சுற்றப்படவில்லை, வாசல் வாடைக்கு முகம் கொடுக்கவில்லை, தாழ்வாரம் மழையைத் தடுத்தது. இந்த நான்கில் எது எவ்வளவு உதவியது என்று ஒரு பெட்டியை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் முதலிடம் தேனுக்குத்தான் என்பது என் கணிப்பு. நான்காம் பெட்டியும் பொலித்தீனுக்குள்ளேதான் இருந்தது. கூட்டம் மெலிந்தாலும் நின்றது. அதன் நடுவதை ஒன்றில் வெட்டாமல் விட்ட தேன் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

அடுத்த மாரிக்குச் செய்தது

மாசியில் அக்கா மெழுகு பூசிய மண்முட்டிகளை மரக்கிளையில் கட்டி இரண்டு கூட்டங்களைப் பிடித்தார். 2023இல் மறுபடி நான்கு பெட்டி.

முதல் விதி, ஜூனுக்குப் பிறகு தேன் எடுப்பதில்லை. கீழ்த்தட்டுத் தேன் எந்த மாதத்திலும் தொடப்படாது. சொந்தக்காரர் கேட்டால் அடுத்த வருசம் வரச் சொல்லலாம்.

ஒக்டோபர் முதற் கிழமை எல்லாப் பெட்டியும் திறந்து பார்க்கப்பட்டது. முட்டை இருக்கிறதா, அறைக்கு ஒன்றுதானா, எத்தனை சட்டத்தில் தேனீ மூடி நிற்கிறது. நான்கு சட்டத்துக்குக் குறைவாக நின்ற ஒரு கூட்டத்துக்கு வெறும் வதைகளை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை போட்டு இடத்தைச் சுருக்கினோம். காவலில்லாத வதையில்தான் மெழுகுப் புழு குடியேறும். நம் தேனீ பழைய கறுத்த வதையைக் கடித்துக் கீழே கொட்டும். அந்தத் தூளில் மெழுகுப் புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டை இடும். ஆகவே அடிப்பலகையைக் கிழமைக்கு ஒருமுறை சுரண்டித் துடைப்பது மாரியிலும் நிற்கக்கூடாது.

சீனிக் கரைசல் பற்றி அக்காவுக்குத் தயக்கம் இருந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் தேத்தண்ணிக்கே சீனியை அளந்து போட்ட வீடு. ஆனால் ஒரு பெட்டிக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். ஒக்டோபரில், பூ கொஞ்சம் இருக்கும்போது, ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லீற்றர் சுடுநீர், ஆறவைத்து. அது ராணியை முட்டையிடத் தூண்டும். அடைமழைக்கு முன் இரண்டு கிலோவுக்கு ஒரு லீற்றர் என்று தடிப்பாக, சேமித்து வைக்க. பொழுதுபட்ட பின், பெட்டிக்குக் கால் லீற்றர், சட்டங்களுக்கு மேலே ஒரு சிரட்டையில், தேனீ மூழ்காதிருக்க வைக்கோல் துண்டு போட்டு. காலையில் மிஞ்சியிருந்தால் அடுத்த நாள் குறைக்கலாம். பெட்டிக்கு வெளியே வைத்தால் மற்றக் கூட்டங்கள் களவெடுக்க வந்து சண்டை மூளும், எறும்பும் வரும். கடைத்தேனை மட்டும் கொடுக்கவே வேண்டாம், அது இன்னொரு கூட்டத்தின் நோயைக் கொண்டுவரும். சீனி வளர்ந்த தேனீயைத் தாங்கும், குஞ்சை வளர்க்காது. குஞ்சுக்கு மகரந்தம் வேண்டும். வருசம் முழுக்கப் பாளை விடுகிற தென்னை இருப்பதால் இந்த வளவு தப்பியது. தென்னை இல்லாத வெட்டையான காணியில் மாரிக்குப் பெட்டி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

வாசல்கள் தென்கிழக்குக்குத் திருப்பப்பட்டன, ஒரே நாளில் அல்ல, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. பொலித்தீனுக்குப் பதில் பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தகரம், தகரத்தின் மேல் கிடுகு. முன்பக்கம் சற்றே சரிவாக, உள்ளே நீர் தேங்காதபடி. இடுக்குகளுக்குச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசினார் அக்கா. எறும்புக்கு ஒயில் பேணியை விட்டுவிட்டுக் கால்களில் கிறீஸ் பட்டை பூசி, அதன் மேல் மழை படாமல் தகரக் குடை. மழை நாளில் பெட்டியைத் திறப்பதில்லை. பின்பக்கத்தை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பாரம் பார்த்தால் போதும், இரண்டு முறை தூக்கிப் பழகியவருக்குப் பசித்த பெட்டி தெரிந்துவிடும்.

2023 மாரி முடிந்தபோது நான்கும் நின்றன.

மருந்தடிப்புப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. 2023 ஜனவரியில், கதிர் வந்த நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி என்று பின்வயலில் காலை நேரம் மருந்தடித்தார்கள். அடுத்த நாள் நான்காம் பெட்டியின் வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தன. அந்த மெலிந்த கூட்டம் மீளப் பங்குனி ஆனது. நெற்பூ முற்பகலில்தான் விரியும், தேனீ மகரந்தத்துக்கு வருவதும் அப்போதுதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அடித்தால் பூச்சிக்கு விழுகிற மருந்து குறையாது, தேனீ தப்பும். அக்கா தேன் ஒரு போத்தலோடு போய் வயல்காரரிடம் இதைச் சொன்னார். "உங்கட பூச்சி என்ர கதிரிலயா நிக்குது?" என்று கேட்ட அவர், ஒரு முற்பகல் வரம்பில் நின்று பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது அடிப்பதற்கு முந்தின நாளே தொலைபேசி எடுத்துச் சொல்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மூன்று காணிக்காரர் இருக்கிறார்கள். விதைப்புக்கு முந்தின கமக்காரர் கூட்டத்தில் அவர்களோடு பேசுவதாக இருக்கிறது.